இடது பக்கம் திரும்பினா வர்ற சத்தம்

டேய் கண்ணு,

எடுக்க மாட்டேன்னு தெரிஞ்ச ஆளுக்கு போன் போட்டுக்கிட்டே இருக்க நான் ஒண்ணும் கிரெடிட் கார்டு விக்கிறவ இல்ல. வாட்ஸ்அப்புல பேசி அனுப்பினா நீ அதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு, பாதியில நிறுத்திடுவ. அதான் பேப்பர்ல எழுதுறேன். இதை வேகமா ஓட்ட முடியாது. கவரைப் பாத்ததுமே ‘அம்மா எதுக்கோ அடி போடுது’ன்னு நினைப்ப. நினைச்சுக்கோ. என் வயித்துல பொறந்தவன் சந்தேகப்படலன்னாதான் எனக்கு சந்தேகம் வரும். இது மன்னிப்புக் கடிதம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். உன் கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு உனக்குத் தெரியும், நான்தான் நிறுத்தினேன், நாலு பேரு முன்னாடிதான் நிறுத்தினேன். அதுக்கப்புறம் இங்க நடந்தது உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப்போறேன்.

விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நீ என்னை சந்தேகப் பிசாசுன்னுதான் கூப்பிடுற. பால்காரன் முகத்துக்கு நேராவே பாலை விரல்ல தொட்டுப் பாப்பேன், பஸ் கண்டக்டர் குடுத்த சில்லறையை வெளிச்சத்துல திருப்பிப் பாப்பேன். உண்மைதான். ஆனா நான் எங்க வேலை செஞ்சேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாரு. டெலிபோன் ஆபீஸ்ல வலது காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வெளியூருக்கு கால் போட்டுக் குடுத்தவ நான். லைன் சரியா இருக்கான்னு நடுவுல கொஞ்சம் கேக்கணும், அது எங்க வேலை. அந்தக் கொஞ்சத்துலயே ஊர்க்காரன் வண்டவாளமெல்லாம் தண்டவாளம் ஏறிடும். மண்டிக்காரர் மெட்ராஸ்காரன்கிட்ட ‘சரக்கு நேத்தே கெளம்பிடுச்சு சாமி’ன்னு தேனொழுகப் பேசுவாரு, அடுத்த காலுல மண்டிக்குக் கூப்பிட்டு ‘இன்னும் மூட்டையே கட்டலியாடா’ன்னு கத்துவாரு. மாமியார் செத்ததுக்கு போன்ல ஒப்பாரி வச்ச ஒரு அம்மா, லைனை வைக்கறதுக்கு முன்னாடி ‘பீரோ சாவி யார்கிட்ட இருக்கு’ன்னு கேட்டதை நான் என் காதால கேட்டிருக்கேன். அந்த வேலை எனக்குக் குடுத்தது ரெண்டு. ஒண்ணு வலது காது மந்தம். இன்னொண்ணு இந்த புத்தி. ரெண்டுமே இனிமே சரியாவாது.

அந்த ஹெரால்டு காரு நம்ம வீட்டுக்கு வந்த அன்னைக்கும் நான் சந்தேகப்பட்டுக்கிட்டுதான் வாசல்ல நின்னேன். வேலூர்ல ஒரு டாக்டர் குடும்பம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போகுது, அவங்க வண்டின்னு உங்கப்பா ஓட்டிக்கிட்டு வந்தாரு. வெள்ளைக்காரன் தன் பொண்டாட்டி புள்ளைங்களை ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுக்குன்னு செஞ்ச வண்டி, அதையே அப்புறம் நம்ம ஊர்லயும் செஞ்சாங்கன்னு ஒரு பெரிய கதை சொன்னாரு. வெளிர் நீலம், ரெண்டே கதவு, உள்ள டாஷ்போர்டெல்லாம் மரம். ‘ரெண்டு கதவுதான் இருக்கு, மீதி ரெண்டை யாரு கழட்டிக்கிட்டான்’னு நான் கேட்டேன். உங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. நெஜமாத்தாண்டா கேட்டேன். அப்புறம் அவரு முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டுனாரு. மத்த கார்ல மூடி மட்டும் திறக்கும், இதுல மட்கார்டு, லைட்டு, மூக்கு எல்லாம் சேந்து அப்படியே முன்னாடி கவுந்து மொத்த எஞ்சினும் சக்கரமும் தெரியும். பெட்ரோல் பங்குல அதைத் தூக்கினா போதும், டீ குடிக்கறவன்லாம் கிளாஸோட வந்து நிப்பான். உனக்கு அதுல ஒரு பெருமை. பள்ளிக்கூடத்துல ‘எங்க கார் வாயைத் திறக்கும்’னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நீ.

சாத்தனூர் அணைக்குப் போய்ட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா? செங்கம் தாண்டினதும் மழை புடிச்சுக்கிச்சு, கொட்டுது, வைப்பர் நின்னுபோச்சு. உங்கப்பா என் பாவாடை நாடாவை உருவச் சொல்லி, ரெண்டா வெட்டி, வைப்பருக்கு ரெண்டு பக்கமும் கட்டி, ஜன்னல் வழியா உள்ள விட்டாரு. இந்தப் பக்கம் நான் இழுக்க, அவரு தோளுக்கு மேல கையை விட்டு அந்தப் பக்கம் நீ இழுக்க, மழைத்தண்ணி உள்ள அடிக்க, மூணு பேரும் ஊர் வந்து சேந்தோம். ‘செங்கத்துல பஞ்சர் போட்டானே, அவன்தான் வைப்பரை ஏதோ பண்ணிட்டான்’னு நான் வழி பூரா சொல்லிக்கிட்டு வந்தேன். ‘பஞ்சர் போடுறவனுக்கு வைப்பர் எதுக்குடி’ன்னு அவரு கேட்டுக்கிட்டே வந்தாரு. இன்னைக்கும் எனக்கு அவன் மேல முழுசா நம்பிக்கை வரல. ஆனா அந்த மாதிரி ஒரு நாள் அதுக்கப்புறம் எனக்கு வாய்க்கல. இப்ப வர்ற வண்டியில கதவை மூடினா வெளிய மழை பெய்யறதே தெரியல, அது எதுக்கு ஒரு பிரயாணம்?

அப்பா போனப்புறம் அது ஷெட்டுல தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. எலி பின்சீட்டுல குடும்பம் நடத்தி பேரன் பேத்தி எடுத்துடுச்சு. நான் ரிடையர் ஆனதும் வேட்டவலம் ரோட்டு ரபீக் பாய் ஒர்க் ஷாப்புல கொண்டு போய் விட்டேன். விட்டேன்னா விட்டுட்டு வரல, நாற்காலி போட்டுக்கிட்டு நானும் உக்காந்தேன். பழைய வண்டிக்காரங்க கதையை நானும் கேள்விப்பட்டவதான். கார்புரேட்டர் கழுவறேன்னு எடுத்துட்டுப் போவான், திரும்பி வர்றது வேற கார்புரேட்டரா இருக்கும். அதனால கழட்டற ஒவ்வொரு சாமான் மேலயும் நான் செவப்பு நெயில் பாலீஷ்ல ஒரு புள்ளி வச்சேன். விளக்கு வளையம், கதவுப்பிடி, பிரேக் டிரம், ஒண்ணையும் விடல. ஒர்க் ஷாப் பசங்க ‘அம்மா வண்டிக்கு அம்மை போட்டிருக்கு’ன்னு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். கழட்டினது அத்தனையும் என் புள்ளியோட திரும்பி வந்துச்சா இல்லையா? ஒண்ணே ஒண்ணுலதான் எனக்கும் ரபீக் பாய்க்கும் முட்டிக்கிச்சு. ‘வலது முன்சக்கரத்து பேரிங் தேஞ்சு கெடக்கும்மா, மாத்திடலாம்’னாரு. ‘அது சீமை பேரிங் பாய், நீங்க போடப் போறது என்ன?’ன்னேன். ‘கிடைக்கறதுதாம்மா’ன்னாரு. அதானே! பழசைக் கழட்டி எவனுக்கோ குடுக்கப் பாக்கறாருன்னு எனக்குத் தோணிடுச்சு. கிரீஸ் வச்சு பழசையே போடச் சொன்னேன். ‘உங்க இஷ்டம். ஜாஸ்தி நாள் தாங்காது, சொல்லிட்டேன்’னு போட்டுக் குடுத்துட்டாரு.

அப்புறம் வெள்ளோட்டம். நம்ம ஊர்ல ரிப்பேர் பாத்த வண்டிக்கு வேற என்ன வெள்ளோட்டம்? மலையை ஒரு சுத்து. கோயில்லேர்ந்து கெளம்பி, செங்கம் ரோடு, ஆசிரமம், அடி அண்ணாமலை, குபேர லிங்கம், திரும்ப ஊரு. கார்ல போனாலும் பிரதட்சணம் பிரதட்சணம்தான், மலை வலது கைப்பக்கமாவே வரணும். ஒரு சத்தம் இல்ல, ஒரு உதறல் இல்ல, வெண்ணெயா ஓடுச்சு. அதுலேர்ந்து எண்ணெய் மாத்தினாலும் சுத்து, டயர் மாத்தினாலும் சுத்து, மனசு சரியில்லைன்னாலும் சுத்து. பௌர்ணமியைத் தவிர எல்லா நாளும் நமக்கு ரோடு காலிதான்.

வண்டி நல்லாயிட்டதும் கண்ணு வைக்க ஆளுங்க வந்துட்டாங்க. ஆசிரமத்தாண்ட காபிக்கடை வாசல்ல நிறுத்தியிருந்தப்ப ஒரு வெள்ளைக்காரக் கிழவன் வந்து பானெட்டைத் தடவித் தடவி அழுவுறான். அவன் அப்பன் இதே வண்டி வச்சிருந்தானாம், இதே நீலமாம், பின்சீட்டுல தங்கச்சியோட சண்டை போட்டுக்கிட்டே ஊர் ஊராப் போனானாம். பின்னாடி ஒரு நிமிஷம் உக்காரலாமான்னு கேட்டான். உக்காரச் சொன்னேன், சாவியைக் கையில கெட்டியா புடிச்சுக்கிட்டு. ஆறடி ஆளு முட்டியை மடக்கிக்கிட்டு கண்ணை மூடி உக்காந்திருந்தான். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் அழுவுற ஆம்பளையை நம்பாதேன்னு ஒரு பேச்சு இருக்கே. வீட்டுக்கு வந்து ஷெட்டுக்கு இன்னொரு பூட்டு போட்டேன். அதுக்கப்புறம் சென்னையிலேர்ந்து கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆளு ‘விக்கிறீங்களாம்மா’ன்னு வந்தான். இல்லன்னேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் வந்தான். ரெண்டாவது தடவை வர்றவன் வெறுமனே வர்றதில்ல, நம்ம வீட்டு விஷயம் யாரோ சொல்லித்தான் வருவான்.

இந்த நேரத்துலதான் நிவேதா சம்பந்தம் வந்துச்சு. போளூர் பக்கம் நல்ல குடும்பம், நெலம், டிராக்டரு, கரும்பு. பொண்ணு படிச்சு நம்ம ஊர்லயே வேளாண்மை ஆபீஸ்ல வேலை. உனக்குப் புடிச்சுது, எனக்கும் குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல, அதுவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நிச்சயம் முடிஞ்சப்புறம் அவ தாய்மாமன் சென்னையில பழைய கார் வாங்கி விக்கிறவருன்னு பேச்சுவாக்குல வெளிய வந்துச்சு. எனக்கு எங்க போய் முடிச்சு விழும்னு உனக்கு நான் சொல்லணுமா? கருப்புக் கண்ணாடி, தாய்மாமன், ரெண்டும் மனசுக்குள்ள ஒண்ணா போய் உக்காந்துக்கிச்சு. வெளிய சொல்லல. சொன்னா நீ கத்துவ.

நீ புனேலேர்ந்து லீவுல வந்தப்ப நீயும் நிவேதாவும் வண்டியை எடுத்துக்கிட்டு அடி அண்ணாமலைக்கு உங்க அத்தையைப் பாக்கப் போனீங்க. நாந்தான் அனுப்பினேன். அவ ஓட்டினா, நீ பக்கத்துல. சாயங்காலம் அவங்க அப்பா அம்மாவும் நம்ம வீட்டுல இருந்தாங்க, கல்யாண வேலை பேச. மண்டபத்துலேர்ந்து பொண்ணு மாப்பிள்ளையை ஹெரால்டுல நானே ஓட்டிக் கூட்டிட்டு வருவேன்னு நான் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன். இவ வந்து உக்காந்ததும் உக்காராததுமா, ‘அத்தை, தப்பா நினைக்காதீங்க. அதுக்கு முன்னாடி சக்கரத்தை ஒரு தடவை பாத்துடலாம். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு முனகல் வருது. அதுவரைக்கும் நீங்களும் ஓட்டாதீங்க’ன்னா.

எனக்கு உச்சி மண்டையில ஏறிடுச்சு. ‘எந்த வழியா வந்தீங்க?’ன்னு கேட்டேன். போளூர் ரோட்டுலேர்ந்து குபேர லிங்கம், அடி அண்ணாமலை, அப்புறம் ஆசிரமத்தாண்ட காபி, அப்படியே ஊருக்குள்ளன்னு சொன்னா. ‘மலையை எதிர்சுத்து சுத்தியிருக்கீங்க! முனகினது வண்டி இல்லடி, மலை’ன்னேன். ‘வேலையாப் போனோம் அத்தை, அந்த ஊர்க்காரங்க பாலை எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும்தானே போறாங்க’ன்னு அவ அமைதியாத்தான் சொன்னா. அந்த அமைதிதான் எனக்கு ஆகல. ரபீக் பாயும் சக்கரம்னாரு, இவளும் சக்கரம்ங்கறா, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்கன்னு முடிவே கட்டிட்டேன். வண்டி உளுத்துப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில மாமன் வந்து ‘கழிச்சுக் கட்டுங்க’ன்னு ஓட்டிக்கிட்டுப் போயிடுவான்னு நினைச்சேன். உன்னைப் பாத்து, ‘ஏண்டா, நீயும்தானே கூட இருந்த, உனக்கு கேட்டுச்சா?’ன்னேன். நீ போனைப் பாத்துக்கிட்டே, ‘எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா’ன்ன. அது போதுமே எனக்கு! ‘உங்க மாமனுக்கு வண்டி வேணும்னா நேரா வந்து கேக்கச் சொல்லு, இந்த நாடகமெல்லாம் வேணாம்’னு அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அவங்கப்பா தட்டுல வச்ச கேசரியை அப்படியே வச்சுட்டு எழுந்தாரு. ‘என் பொண்ணைத் திருடிங்கற வீட்டுல எனக்கு என்னம்மா சம்பந்தம்?’ன்னாரு. ‘வேணாம்னா வேணாம்’னு நானும் சொன்னேன். அவ வாசல்ல செருப்பு மாட்டும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தா. என்னைப் பாக்கல.

நீ மறுநாளே கெளம்பிட்ட. அதுக்கப்புறம் என்கிட்டயும் பேசல, அவகிட்டயும் பேசலன்னு கேள்விப்பட்டேன். எனக்கு சோறு இறங்கல. தப்பு பண்ணிட்டோமேன்னு இல்ல, அப்படி நினைச்சுக்காத. அவ சொன்னது பொய்னு ஊருக்குக் காட்டணுமேன்னுதான் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு அவ போன வழியிலயே போகணும். ஒரு நாள் காலையில குளிச்சு, மலையைப் பாத்து ‘அப்பனே, ஒரே ஒரு தடவை, ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கத்தான்’னு கன்னத்துல போட்டுக்கிட்டு, குபேர லிங்கம் பக்கமா வண்டியைத் திருப்பினேன். அந்த ரோட்டுல நம்ம வண்டியைத் தெரியாதவங்க யாரு? பூக்கடைக்கார அம்மா கையைக் காட்டி நிறுத்தி, ‘என்னாம்மா இந்தப் பக்கமா வர்ற, வீட்டுல யாருக்கு என்னா ஆச்சு?’ன்னு கேட்டுச்சு. ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டு ஓட்டினேன். மலை இடது கைப்பக்கம் இருக்கு. எனக்கு வேற ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

மொதல்ல ஒண்ணும் கேக்கல. ‘பாத்தியா, பொய்தான்’னு சந்தோஷம் வந்துச்சு, பொய் சொல்லல. கொஞ்சம் வேகம் புடிச்சு ஒரு இடது வளைவு எடுத்தேன். தூரத்துல மாவு மில்லு ஓடுற மாதிரி ஒரு முனகல். நேராப் போனா நின்னுடுது, இடது பக்கம் திரும்பினா வருது. என் மந்தக் காது இருக்குற பக்கத்துலேர்ந்தே வருதுடா. அடி அண்ணாமலையை நெருங்கும்போது ஸ்டியரிங் கையில துடிக்க ஆரம்பிச்சுது, ஏதோ தீயுற வாடை. ஓரங்கட்டி இறங்கி சக்கரத்துக்கிட்ட கையை வச்சேன், சுட்டுடுச்சு. மேல ஒரு கை கீழ ஒரு கை புடிச்சு ஆட்டினா, ஆடுற பல்லு மாதிரி ஆடுது. அங்கேயே மரத்தடியில உக்காந்துட்டேன். மண்டபத்துலேர்ந்து மாலையும் கழுத்துமா உங்க ரெண்டு பேரையும் பின்னாடி உக்கார வச்சு நானே ஓட்டிக்கிட்டு வர்றதா இருந்தேன். ரெண்டே கதவு. பின்னாடி உக்காந்தவங்க தானா இறங்கக்கூட முடியாது. எனக்கு அழுகை வந்துடுச்சு, ரோட்டுல போறவங்க பாக்கறாங்கன்னுகூட பாக்கல.

யாருக்கு முதல்ல போன் பண்ணினேன் தெரியுமா? உனக்கில்ல, ரபீக் பாய்க்கும் இல்ல. அவளுக்கு. ‘நீ சொன்ன சத்தம் கேக்குது, வந்து பாரு’ன்னு மட்டும் சொன்னேன். ஆபீஸ் போற வழியில ஸ்கூட்டியைத் திருப்பிக்கிட்டு வந்தா. வந்தவ பக்கத்துல வரல, ரெண்டு கை தூரத்துல நின்னுக்கிட்டு, ‘எதுக்குக் கூப்பிட்டீங்க அத்தை? இதுல என்ன உள்நோக்கம் வச்சிருக்கீங்க?’ன்னு கேட்டா. அப்புறம் அவளே பையிலேர்ந்து போனை எடுத்துக் காட்டினா, ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கு. ‘நாளைக்கு நீங்க பேச்சை மாத்தினா?’ன்னா. அடிப்பாவி! கோவம் வரவேண்டிய இடம். எனக்கு என்னமோ அன்னைக்குத்தான் மொத மொதல்ல அந்தப் பொண்ணு மேல ஒரு மரியாதை வந்துச்சு.

ரபீக் பாய் வந்து அங்கேயே ஜாக்கி வச்சு சக்கரத்தைக் கழட்டினாரு. பேரிங்கோட உருளைங்க கருகி, ஒண்ணு ரெண்டு உடைஞ்சே போயிருக்கு. வளையத்து மேல நான் வச்ச செவப்புப் புள்ளி அரைகுறையாத் தெரியுது. யாரும் எதையும் மாத்தல. மாத்தியிருந்தா தப்பிச்சிருப்போம். வண்டி வலது பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடது சக்கரத்துல விழும், இடது பக்கம் திரும்பினாத்தான் வலது சக்கரம் தாங்கும். வெள்ளோட்டம் வெள்ளோட்டம்னு நான் வேகமா ஓட்டினது பூரா பிரதட்சணம். கெட்டுப்போன சக்கரத்தை ஒரு நாளும் நான் வேலை வாங்கலையே, அது எப்படி வாயைத் திறக்கும்? ரபீக் பாய் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. ‘டீ சாப்டீங்களாம்மா?’ன்னுதான் கேட்டாரு.

வேற பேரிங் வாங்கிட்டு வந்து மாட்டி, சாயங்காலம் வண்டி நம்ம வாசலுக்கு வந்தப்ப அவ ஆபீஸ் முடிஞ்சு மறுபடியும் வந்தா. உள்ள வான்னேன். வரல. குனிஞ்சு சக்கரத்தைப் புடிச்சு தானே ஒரு தடவை ஆட்டிப் பாத்தா. ‘ஏன், நானும் ரபீக் பாயும் பாத்தது போதாதா?’ன்னேன். ‘போதாது அத்தை’ன்னா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அவளுக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டா. நான் மன்னிப்பு கேக்கற ஜாதி இல்லன்னு சொன்னேன். ‘கேட்டாலும் நம்பமாட்டேன், விடுங்க’ன்னா. சரி, இவகிட்ட நேராவே பேசலாம்னு, ‘உங்கப்பா கால்ல விழச் சொன்னாலும் விழறேன், கல்யாணத்தை வச்சுக்கலாமா?’ன்னு கேட்டேன். மட்கார்டுல இருந்த தூசியை விரலால தொடச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: ‘உங்க மேல எனக்குக் கோவம் போயிடும் அத்தை. நீங்க நினைச்சதை சொன்னீங்க. அன்னைக்கு அந்த சத்தம் அவருக்கும் கேட்டுச்சு. எனக்கு முன்னாடியே அவருதான் கேட்டாரு. அம்மாகிட்ட சொல்லாத, டென்ஷன் ஆயிடுவாங்கன்னாரு. அம்மாதானே தினம் ஓட்டறாங்க, சொல்லித்தான் ஆகணும்னு நான்தான் சொன்னேன்.’

நான் உடனே நம்பிடல. பெத்தவ இல்லையா? பொண்ணு எதையோ கோத்து விடறான்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்புறம் உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. நான் கேட்டப்ப நீ போனைப் பாத்தியே, அந்தப் போன்ல அன்னைக்கு ஒண்ணுமே இல்லடா, ஸ்கிரீன் கருப்பா இருந்துச்சு. அது அன்னைக்கே என் கண்ணுல பட்டுச்சு. ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான் உன் மேல மட்டும் ஒரு புள்ளி வைக்கல. நீ சொன்னது எனக்கு சாதகமா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். என் மாமியார் என்னைப் பேசாத பேச்சு இல்ல. ஆபீஸ்ல ஆம்பளைங்களோட போன்ல பேசறவன்னு சொந்தக்காரங்க முன்னாடியே சொல்லும். உங்கப்பா நல்லவரு, என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனா அந்தம்மா ஆரம்பிச்சதும் வெளிய போய் ஹெரால்டைத் திறந்து அதுக்குள்ள தலையை விட்டுக்குவாரு. ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணும் ரிப்பேர் இருக்காது. ராத்திரி வந்து ‘எனக்கு ஒண்ணும் காதுல விழல, என்ன சொல்லிச்சு அது?’ன்னு கேப்பாரு. நான் அவரை நம்பினேனா? கடைசி வரைக்கும் பிரியமா இருந்தேன், நல்லா பாத்துக்கிட்டேன். நம்பலடா. வெளியாளு சொல்ற பொய்யைக் கண்டுபுடிச்சு தூக்கிப் போட்டுடலாம். பக்கத்துல உக்காந்துக்கிட்டு ‘கேக்கல’ன்னு சொல்றவனோட வாழறது எனக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு அன்னைக்கு வாசல்ல திரும்பி யாரைப் பாத்தான்னு இப்பத்தான் எனக்கு விளங்குது.

அதனால இப்ப அவ சந்தேகப்படறது என்னை இல்ல, உன்னை. நானும் உன்னைத்தான் சந்தேகப்படறேன். கல்யாணம் நடக்குமான்னு அவகிட்ட கேட்டதுக்கு அவ பதில் சொல்லல. அவளை உனக்கு போன் பண்ணச் சொல்லவும் மாட்டேன். அவங்க அப்பாவை நான் பாத்துக்கறேன், அது என் வேலை, நாளைக்கே போறேன். உன் வேலையை நான் செய்ய முடியாது.

லீவு போட்டுட்டு வா. வந்ததும் அவ வீட்டுக்கு ஓடாத, முதல்ல நம்ம வீட்டுக்கு வா. எதிர் வீட்டுக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசல்ல நின்னு, ‘அம்மா, எனக்கும் கேட்டுச்சு. நீ அந்தப் பொண்ணைப் பேசினது தப்பு’ன்னு என்கிட்ட சொல்லு. நான் கத்துவேன். இவ்வளவு எழுதினவதானே, தலையாட்டிக்குவான்னு நினைக்காத. நேர்ல கேட்டா எனக்கு ஆத்திரம் வரும், பத்து வார்த்தை தடிப்பாத்தான் பேசுவேன், என் குணம் உனக்குத் தெரியாததா? அப்ப நீ உள்ள போயிடாதடா. அங்கேயே நில்லு.

அம்மா